இடுப்பளவுத் தண்ணீர்

மனித குலத்தின் வீழ்ச்சி, விடுமுறைக்கு அட்டவணை போட்ட முதல் மனிதனிடமிருந்து தொடங்குகிறது. செழியன் இதை மிகுந்த பொறுப்புணர்வோடு அறிவித்தான். அப்போது அவன் அப்பாவின் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். பிற்பகல் தகனம். அதற்குள் அப்பாவுக்கு அதை அணிவித்தாக வேண்டும்.

"பிளான் பண்றவன் வாழறதே இல்ல மாமா. நான் ஸ்பிரிங் பிரேக்குக்கு மயாமி போனேன். ஒரு மேப்கூட எடுக்கல."

"அதனாலதான் ஜார்ஜியால ரெண்டு நாள் நின்ன" என்றார் வெங்கடாசலம் மாமா. அம்மாவின் அண்ணன். செய்தி கேட்டுப் பக்கத்து ஊரான எடிசனிலிருந்து வந்தவர், மூன்று நாளாக அவர்களுடைய பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மெண்டின் சோபாவை விட்டு இறங்கவில்லை. "காலரைப் பாத்துத் தேய் மாப்ள."

இறந்தவருக்குக் கோடித்துணிதான் போட வேண்டும் என்பதில் மாமா உறுதியாக இருந்தார். புது வேட்டி அவர் வரும்போதே வாங்கி வந்துவிட்டார். சட்டையை அம்மா அலமாரியிலிருந்து எடுத்து வந்தாள். விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை. வெளிர்நீலத்தில் உடம்பெல்லாம் தென்னை மரங்கள். ஆகஸ்டில் கிரீட் தீவின் கடற்கரை விடுதியில், இரண்டாம் நாள் மாலை ஆறு மணிக்கு அணிவதற்காக அப்பா வாங்கி வைத்தது. மாமா தென்னை மரங்களை வெகுநேரம் பார்த்தார்.

"இதுவும் புதுசுதாங்ண்ணா" என்றாள் அம்மா. மூன்று நாளில் அவள் பேசிய நீளமான வாக்கியம் அது.

அப்பா நஞ்சுண்டன் எதற்கும் முன்னதாகவே போய்விடுகிறவர். புதன்கிழமையும் பிரின்ஸ்டன் ஜங்ஷனுக்குப் பதினொரு நிமிடம் முன்னதாகப் போனார், பெஞ்சில் உட்கார்ந்தார், ரயில் வந்தபோது எழுந்திருக்கவில்லை. மடியில் பச்சை ஃபைல் இருந்தது. கிரேக்க விசா விண்ணப்பம், விமான நேரங்கள், ஏழு நாளுக்கு ஏழு பக்கம். நாள் ஒன்று, 4.10: கடலைப் பார்த்தல். 4.30: கடலில் இறங்குதல்.

எல்லாம் அம்மாவுக்காக. கல்யாணமான புதிதில் கன்னியாகுமரி போனபோது, அலையைப் பார்த்துப் பயந்து காலை மட்டும் நனைத்துக்கொண்டு வந்தவள் சாந்தி. மத்தியதரைக் கடலில் அலை கிடையாது என்று அப்பா எங்கோ படித்துவிட்டார். அன்று தொடங்கியது. சனிக்கிழமை தோறும் காலையில் வெளிநாட்டுக்குப் பேசும் காலிங் கார்டைத் தேய்த்து, விடுதி வரவேற்பில் இருக்கும் எலெனி என்ற பெண்ணை அழைத்துச் சந்தேகம் கேட்பார். பாறை உண்டா? ஜெல்லி மீன் எந்த மாதம் வரும்? தயிர் கிடைக்குமா?

"அந்தப் பொண்ணு உங்க வாய்ஸைக் கேட்டாலே லீவு போட்டுடும்ப்பா" என்பான் செழியன். ஃபைலில் எழுதுவதைப் பார்த்தால், "ஜெல்லி மீனுக்கு அப்பாயின்ட்மென்ட் குடுத்தாச்சா?" அப்பா சிரித்தபடி ஸ்கேல் வைத்துக் கோடு போடுவார்.

மாமா சட்டையை ஹேங்கரில் வாங்கிக்கொண்டார். "நான் ஃப்யூனரல் ஹோமுக்குப் போறேன். நீ அந்த ஓட்டலை மறக்காம கேன்சல் பண்ணிரு. இன்னைக்குத்தான லாஸ்ட் டேட்டு?"

"பதினொரு மணி வரைக்கும். அங்க சாயங்காலம் ஆறு."

"வருசம் திரும்பற வரைக்கும் கடல் தாண்டப்படாது."

"நாமதான் ஏற்கெனவே தாண்டி வந்து உக்காந்திருக்கமே மாமா."

"வாய் மட்டும் உங்கப்பனுக்கு இல்லாதது" என்றார் மாமா. வாசலில் நின்று தங்கையைப் பார்த்தார். "ஏம்மா சாந்தி, கேன்சல்தானே?"

அம்மா சிங்க்கில் ஏற்கெனவே கழுவியிருந்த டம்ளர்களை மறுபடி கழுவத் தொடங்கினாள்.

பத்தே முக்காலுக்குச் செழியன் ஃபோனை எடுத்தான். அப்பாவின் பேரைச் சொன்னதும் மறுமுனையில் எலெனி உற்சாகமானாள். போன வாரம் கேட்டீர்களே, சமையலறையில் விசாரித்துவிட்டேன், உப்புப் போடாத தயிர் தனியாக எடுத்து வைப்பார்கள் என்றாள்.

அவன் தான் மகன் என்றான். பிறகு விஷயத்தைச் சொன்னான். ஆங்கிலத்தில் அது மூன்றே சொல்லாக இருந்தது. மறுமுனையில் யாரோ பெட்டியை உருட்டிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. முன்பதிவை எடுத்துவிடட்டுமா என்று எலெனி மெதுவாகக் கேட்டாள்.

"கண்ணு."

அம்மா ஈரக்கையோடு நின்றிருந்தாள். பச்சை ஃபைல் திறந்திருந்தது.

"அந்தப் பொண்ணுகிட்ட ஒண்ணு கேளு. கடல்ல கயிறு கட்டியிருக்கற எடம் வரைக்கும் தண்ணி இடுப்பளவுன்னு உங்கப்பா எழுதியிருக்காரு."

"ஆமா."

"யாரோட இடுப்பு?"

செழியன் அம்மாவைப் பார்த்தான். அப்பா ஆறடிக்கு இரண்டு அங்குலம் குறைவு. அம்மா அவர் தோளுக்கு வர மாட்டாள்.

"அவரு இடுப்புன்னா எனக்குக் கழுத்துக்கு வந்துரும்ல."

"ம்மா, மாமா கேன்சல் பண்ணச் சொல்லிட்டுப் போயிருக்காரு."

"இந்த வருசம் வேண்டாம். அண்ணன் சொல்றது சரிதான்." முந்தானையில் கையைத் துடைத்தாள். துடைத்த கையை மறுபடி துடைத்தாள். "சும்மா கேளு. அந்தக் கடல் அங்கயேதான இருக்கும்."

அவன் கேட்டான். எலெனி சிரிக்கவில்லை. கடற்கரையில் இருக்கிற காவல்காரரைக் கேட்டு வருகிறேன், காத்திருங்கள் என்று ரிசீவரை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். காலிங் கார்டில் இன்னும் ஆறு நிமிடம் இருந்தது. அவள் நாலாவது நிமிடம் திரும்பி வந்தாள். கயிற்றருகே தொண்ணூற்றைந்து சென்டிமீட்டர். அதற்கு முன்னால் மணல்தான், பள்ளம் இல்லை.

"தேதியை என்ன செய்யட்டும்?" என்றாள்.

"அடுத்த வருஷம் ஆகஸ்டுக்கு மாத்த முடியுமா?" என்றான் செழியன். ஜெல்லி மீன் ஆகஸ்டில் உண்டா என்றும் கேட்டுக்கொண்டான்.

ஃபோனை வைத்துவிட்டு ஃபைலில் வெறுமையாக இருந்த எட்டாம் பக்கத்தை எடுத்தான். ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டான். இழுப்பறையில் தேடி அம்மாவின் தையல் டேப்பை எடுத்து வந்தான்.

"நேரா நில்லும்மா. ஃப்ரிட்ஜோட ஒட்டி."

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். அவன் குனிந்து தரையில் டேப்பின் நுனியை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, மறுகையால் அவள் இடுப்பு வரை மேலே இழுத்தான். அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடி குதிகாலைக் கொஞ்சமாக உயர்த்தினாள்.

செழியன் அதைப் பார்த்தான். வந்த அளவை அப்படியே எழுதினான்.