சட்டைப் பையிலேயே இருந்த கண்டென்சர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மானம் போனதில் பிறந்தது. ஸ்பீக்கருக்கு உயர்ந்த ரக ஒயர் வாங்கினேன். மைத்துனன் மாட்டித் தருகிறேன் என்றான். "அடடா, பாட்டு என்ன துல்லியம்!" என்று ஒரு வாரம் உருகினேன். ஒட்டடை அடித்த மனைவிதான் கேட்டாள்: "புது ஒயர் அலமாரிக்குப் பின்னால சுருட்டினபடியே கிடக்குதே, உன் மச்சான் மாட்டவே இல்லையா?"

2

[தொடக்கம்: வெளியே மழை பெய்துகொண்டிருந்தது, மெக்கானிக் ஜன்னல் வழியே... வேண்டாம். எல்லாக் கதையிலும்தான் பெய்கிறது.]

சட்டையைத் துவைக்கப் போடும்போது மெக்கானிக்கின் பையிலிருந்து ஒரு கண்டென்சர் உருண்டது. அவருக்குத் திக்கென்றது. கேசட் ஓடும்போது வரும் இரைச்சலைப் போக்கச் சொல்லி ஒரு பெரியவர் கொண்டுவந்த டேப் ரெக்கார்டரில் போட்டிருக்க வேண்டியது அது. தூசி தட்டி, மூடியைத் திருகி, போட்டாயிற்று என்ற நினைப்பிலேயே கொடுத்தனுப்பியிருக்கிறார்.

பெரியவரோ மறுநாளே கடைக்கு வந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருந்தார்.

"பாப்பா அஞ்சு வயசுல பாடினது தம்பி. பின்னால அவ அம்மா சிரிக்கிறா. இத்தனை வருஷமா கேட்கலை, இப்ப கேட்குது!"

பெரியவரின் மனைவி இறந்து ஒன்பது வருடம். அவள் குரல் வேறெதிலும் பதிவாகவில்லை.

(அடிக்குறிப்பு: ஒரு மெக்கானிக் இவ்வளவு மறதிக்காரராக இருப்பாரா என்று எனக்கே சந்தேகம் வந்தது. என் ஒயரை நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.)

3

இன்று பெரியவர் பெட்டியோடு மறுபடி வந்து நிற்கிறார்.

"பொண்ணு வந்து கேட்டா. ஒண்ணுமே கேட்கலைப்பா, உங்களுக்குப் பிரமைன்னுட்டா. இரைச்சலை இன்னும் கொஞ்சம் குறைச்சுக் குடுங்க. அவளுக்கும் கேட்கணும்."

இப்போது கண்டென்சரை நிஜமாகவே போட்டால் இரைச்சல் போய்விடும். கூடவே சிரிப்பும் போய்விட்டால்? போடாமல் கொடுத்தாலோ, மகள் அப்பாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றே முடிவு கட்டிவிடுவாள்.

"இரைச்சலைக் குறைச்சா, இப்ப கேட்கிறது மாறிப்போகலாம் ஐயா."

"இன்னும் நல்லாத்தானே கேட்கும்?"

மெக்கானிக் முக்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னார்.

4

முடிவு: போட்டார், எல்லாருக்கும் சிரிப்பு கேட்டது. [அடித்துவிட்டேன். எழுதும்போதே கை கூசியது.]

இன்னொன்று: உண்மையைச் சொன்னார். பெரியவரின் முகம்... [என்னால் முடியவில்லை.]

எழுதுகிறவன் நான்தான். சிரித்தாள் என்று ஒரு வரி போட்டால் தீர்ந்தது. ஆனால் அந்தக் கேசட்டை மனத்துக்குள் எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன். பாவி, எனக்கும் இரைச்சல்தான் கேட்கிறது.

பெரியவர் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார். நீங்களாவது ஒரு தடவை கேளுங்கள். சிரிப்பு கேட்டால் அவரிடம் சொல்லிவிடுங்கள். கேட்காவிட்டால்...