வேண்டாம் என்ற ஊசி

“அது புத்துநோய்தான்னு ஆருங்கம்மா பாத்தா?” என்று மகள் தேவிப்பிரியா கேட்டபோது விஜயகுமாரிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சாகப்போகிறவளிடம் கேட்கிற கேள்வியா இது?

மூன்று வருடத்துக்கு முன் அவளுடைய இடது நுரையீரலின் மேல்பாதியைப் புற்றுநோய் என்று வெட்டி எடுத்திருந்தார்கள். தேறி, மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில், தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் வேலைக்குத் திரும்பியிருந்தாள். போன தையில் காய்ச்சலும் இருமலும் பிடித்துக்கொண்டன. உடம்பு இளைத்தது. ஸ்கேனில், வெட்டிய இடத்துக்குப் பக்கத்தில் எலுமிச்சை அளவுக்கு ஒரு நிழல்.

“திரும்பி வந்திருக்கலாம்மா. வேற எதாவதாவும் இருக்கலாம். ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்த்தாத்தான் சொல்ல முடியும்” என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் கணவனின் அக்கா பெரியாத்தாள் தலையில் அடித்துக்கொண்டாள். “கட்டியில இரும்பு பட்டா ஒடம்பு முச்சூடும் பரவீரும். இருக்கற நாளுல புள்ளைக்கு ஒரு வழி பண்ணு.”

விஜயகுமாரி அதையே பிடித்துக்கொண்டாள். ஊசி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள். பொங்கலூரில் கோழிப்பண்ணை வைத்திருந்த சிவபிரகாஷ் வீட்டுக்குக் கல்யாணம் பேசத் தானே ஆள் அனுப்பினாள். தேவிப்பிரியா பி.காம். கடைசி வருடம். பரீட்சைக்கு ஏழு வாரம் இருந்தது.

“ஒருக்கா குத்திப் பாத்துரலாமுங்கம்மா. கம்பெனியில ஒரு பனியனையாச்சும் திருப்பிப் பாக்காம ரிஜக்ட்டுல போட்டிருக்கீங்களா?”

“என்ற பொணத்து மேல நின்னு பரீட்சை எழுது, போ.”

மாசிக் கடைசியில் தாலி ஏறியது. முதல் பரீட்சை அன்று தேவிப்பிரியா, மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தாள்.

விஜயகுமாரி சாகவில்லை. ஆடியில் இருமும்போது ரத்தம் வந்தது. இந்த முறை கணவர் நஞ்சப்பன் அக்காவைக் கேட்கவில்லை. குழாய் விட்டுச் சதை எடுத்துப் பார்க்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார். முடிவு வந்தது. புற்று இல்லை, பூஞ்சை. ஆபரேஷன் செய்த இடத்துப் பொந்தில் வளர்ந்திருந்தது. மாத்திரை சாப்பிட்டால் அடங்கிவிடும் என்றார்கள்.

மறுநாள் பெரியாத்தாள் மைசூர்பாகோடு வந்தாள். பொங்கலூரிலிருந்து வண்டியில் வந்த தேவிப்பிரியாவின் சேலையில் கோழித்தீவன வாசம்.

“புள்ள கல்யாணமும் முடிஞ்சுது, நோவும் இல்லீன்னு ஆச்சு. ரெட்டைச் சந்தோசம். இந்தா கண்ணு, வாயைத் தொற” என்று பெரியாத்தாள் ஊட்ட வந்தாள்.

தேவிப்பிரியா வாய் திறக்கவில்லை. மைசூர்பாகைக் கையில் வாங்கிக்கொண்டு ரிப்போர்ட்டைப் படித்தாள். இரண்டு பக்கம்தான். படித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

“எனக்கு மட்டும் அப்பவே தெரிஞ்சிருந்தா…” என்று ஆரம்பித்த விஜயகுமாரியால் முடிக்க முடியவில்லை. தெரிந்துகொள்ளச் சொன்னவள் எதிரிலேயே இருந்தாள். “பரீட்சைய அடுத்த வருசம் எழுதிக்கலாம் சாமி. நான் மாப்பிள்ளைகிட்டப் பேசறேன்.”

தேவிப்பிரியாவின் போன் அடித்தது. எடுத்தாள். ஸ்பீக்கர் போடாமலே மாமியார் குரல் அறை முழுக்கக் கேட்டது. “உங்கம்மாளுக்குத்தான் ஒண்ணுமில்லையாமே. அப்பறம் அங்க என்ன வேலை? கோழிக்குத் தண்ணி வெக்க வேண்டாமா?”

போனை வைத்தாள். திட்டிவிட்டாவது போகட்டும் என்று விஜயகுமாரி அவள் முகத்தையே பார்த்தாள். அழக்கூட இல்லை.

தேவிப்பிரியா மைசூர்பாகைத் தட்டில் திரும்ப வைத்தாள். ரிப்போர்ட்டை மடித்து அம்மாவின் மடியில் வைத்தாள். கை கழுவினாள். வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.