சிவப்பு ஸ்டிக்கர்

பேக்கிங்காரர் கொண்டுவந்த ஸ்டிக்கர் சுருள்களில் ஒன்று நீலம், ஒன்று மஞ்சள். கூடவே எடுத்துப் போகிற சாமானில் நீலம், கழித்துக்கட்டுகிற சாமானில் மஞ்சள் என்று அவர் விளக்க ஆரம்பித்ததுமே தையல்காரம்மா கையை நீட்டித் தடுத்துவிட்டாள்.

"இது வேணாம். எடுத்துப் போறதுக்குப் பச்சை, கழிக்கிறதுக்குச் சிவப்பு கொண்டாங்க."

"எல்லாம் ஒண்ணுதாம்மா. கலர்ல என்ன இருக்கு?"

"கலர்லதான் இருக்கு."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பவும் கடைக்குப் போனார். எழுபத்திரண்டு வயதுக்காரிக்கு ஸ்டிக்கரில் என்ன பிடிவாதம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அந்த வீட்டில் சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாத மனுஷர் ஒருவர் இருந்தார். கல்யாணமான புதிதில் அவளுடைய சிவப்புச் சேலையைப் பார்த்து, "இந்தப் பச்சை உனக்கு நல்லா எடுப்பா இருக்கு" என்று வாயாரப் புகழ்ந்தவர். அவளுடைய புருஷன்தான். நாற்பது வருஷம் லேத் பட்டறையில் இரும்பு கடைந்துவிட்டு ஓய்வு பெற்றவர் என்பதால் தெருவில் எல்லோருக்கும் அவர் லேத்துக்காரர்.

வீட்டை விற்றாகிவிட்டது. மாடிப்படி ஏறினால் அவருக்கு முட்டி வலி, இறங்கினால் அவளுக்கு. வயதானவர்களுக்கென்றே கட்டிய அடுக்குமாடியில் மகள் ஒரு வீடு பார்த்துக் கொடுத்திருந்தாள். ஒரு படுக்கையறை, ஒரு கூடம், இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே நிற்க வேண்டிய சமையலறை. இருபத்தைந்து பெட்டிக்கு மேல் கொண்டுவரக் கூடாது என்று அங்கே கறாராகச் சொல்லிவிட்டார்கள். அதைக் கேட்டதும் மகளுக்கு முகம் வாடிப்போயிற்று. "பாவம்மா நீங்க, எதைன்னு விடுவீங்க?" என்றாள். எதை விடுவது என்பதில் தையல்காரம்மாவுக்கு ஒரு குழப்பமும் இல்லை.

கொல்லைப்புறத்தில் தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. அதற்குள் நான்கு பக்கமும் பலகை. பலகையின் அடிப்புறத்தில் மூடிகளை ஆணியடித்துப் பொருத்தி, அந்த மூடிகளில் கண்ணாடி பாட்டில்களைத் திருகித் தொங்கவிட்டிருந்தார் லேத்துக்காரர். மொத்தம் இருநூற்றுப் பதினெட்டு பாட்டில். எல்லாவற்றிலும் திருகாணி, போல்ட், நட்டு, வாஷர், கீல், கொக்கி. கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினால் கேட்டது கையில் வரும். சாப்பிடக் கூப்பிட்டால் நாலு தடவை கூப்பிட வேண்டும், ஒரு பாட்டிலை யாராவது இடம் மாற்றி வைத்தால் மட்டும் நாலே நொடியில் வந்து நிற்பார்.

அவளுக்கும் ஒரு காலத்தில் அப்படி ஒன்று இருந்தது. தெருவுக்கே அவள்தான் தையற்காரி. தன்னிடம் தைக்க வந்த ஒவ்வொருத்திக்கும் பழுப்புத் தாளில் அவள் உடம்பு அளவுக்கு ஒரு பேப்பர் கட்டிங் வெட்டி, மூலையில் பேர் எழுதி, துளை போட்டுக் கம்பியில் மாட்டி வைத்திருந்தாள். யாருக்கு இடது தோள் அரை இஞ்சு இறக்கம், யாருக்கு முதுகு கொஞ்சம் கூனல், எல்லாம் அந்தத் தாள்களுக்குத் தெரியும். அறுவை சிகிச்சையில் ஒரு பக்க மார்பை இழந்த டீச்சர் ஒருத்தி இருந்தாள். பார்க்கிறவருக்குத் தெரியாதபடி அவளுக்குச் சட்டை தைக்க, பதினோரு தாளை வெட்டிக் கெடுத்த பிறகு பன்னிரண்டாவது தாள்தான் சரியாக வந்தது.

இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால் மகளுக்குப் பிரசவம் பார்க்க இரண்டு மாதம் போயிருந்தாள். திரும்பி வந்தபோது தையல் அறைக்கு வெள்ளை அடித்திருந்தது. கம்பி இருந்தது, கம்பியில் ஒன்றும் இல்லை.

"ஏங்க, என் பேப்பரெல்லாம் எங்க?"

லேத்துக்காரர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். வாயிலிருந்து பிரஷ்ஷை எடுக்காமலே, "அதுவா? குப்பைன்னு நினைச்சேன்" என்றார். பழைய பேப்பர்காரரிடம் தூக்கிப் போட்டுவிட்டாராம். அப்புறம் வாயைக் கொப்பளித்துத் துப்பினார்.

அன்றைக்கே கத்தி, அழுது, இரண்டு பாத்திரத்தை விட்டெறிந்திருந்தால் ஆறிப்போயிருக்கும். அவள் செய்யவில்லை. திரும்ப அளவெடுக்க வேண்டும் என்று சொன்னதும் டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு போனாள், பிறகு வரவே இல்லை. ஒவ்வொருத்தியாக வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். தையல்காரம்மா என்ற பேர் மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றது. பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். பூமி யாருக்கு வேண்டும்? அவர் தன் பாட்டில்கள் எங்கே என்று கேட்க வேண்டும், அதே இரண்டு வார்த்தையை அவள் சொல்ல வேண்டும். அவள் கேட்டதெல்லாம் அவ்வளவுதான்.

சிவப்புச் சுருள் வந்ததும் கொட்டகைக்குப் போனாள். முட்டி வலியையும் பார்க்காமல் ஸ்டூலில் ஏறி, இருநூற்றுப் பதினெட்டு பாட்டிலுக்கும் ஒட்டினாள். கண்ணாடியில் விரலால் அழுத்தித் தேய்த்து, ஓரம் எழும்பாமல் ஒட்டினாள். இவ்வளவு சிரத்தையாக அவள் எதையும் செய்து வெகுநாள் ஆயிற்று.

மாலையில் லேத்துக்காரர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கொட்டகையைச் சுற்றி வந்தார்.

"எல்லாத்துக்கும் ஒட்டிட்டியா?"

"ஒண்ணு விடாம ஒட்டிட்டேன்."

"உனக்குப் பெரிய மனசு" என்றார். அவள் சமையலறைக்குள் போய், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். ஒரு பொய்கூடச் சொல்லவில்லையே, அதில் அவளுக்கு இன்னும் சந்தோஷம்.

வீடு மாறும் நாளில் இரண்டு லாரி வந்தது. சின்னது குடியிருப்புக்கு, பெரியது காயலான் கடைக்கு. எது எங்கே போகிறதென்று அவள் அவரிடம் சொல்லவில்லை. லேத்துக்காரர் யாரையும் தொடவிடவில்லை. ஒவ்வொரு பாட்டிலாகத் திருகிக் கழற்றி, பழந்துணியில் சுற்றி, அட்டைப்பெட்டியில் அடுக்கி, தானே சுமந்துபோய்ப் பெரிய லாரியில் வைத்தார். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். தன் கையாலேயே! இதற்கு மேல் தெய்வம் என்ன செய்துவிட முடியும்?

புது வீட்டில் முதல் நாள் முழுக்க அவள் காத்திருந்தாள். அவர் கேட்கவில்லை. அசதியாக இருக்கும் என்று நினைத்தாள். இரண்டாம் நாளும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் கீழே போய்ப் பக்கத்து வீட்டு ரிட்டயர்டு கம்பவுண்டரோடு கேரம் ஆட ஆரம்பித்துவிட்டார். அவள் கண்ணாடி முன் நின்று அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லிப் பார்த்தாள். எந்த இடத்தில் நிறுத்துவது, எந்த இடத்தில் கண்ணை வேறு பக்கம் திருப்புவது என்பதெல்லாம்கூட முடிவாகிவிட்டது. கேட்கத்தான் ஆள் இல்லை.

பத்தாம் நாள் பகலில் அலமாரியின் கைப்பிடி ஆடியது. லேத்துக்காரர் கத்தி முனையால் திருகிப் பார்த்தார். "ஒரு வாஷர் இருந்தா நிக்கும்" என்றார். அவள் அந்த இரண்டு வார்த்தையோடு தயாராக நின்றாள். அவர் ஒரு காகிதத்தை மடித்துச் சொருகிவிட்டுக் கை கழுவப் போனார்.

அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏங்க, உங்களுக்கு ஒண்ணுமே கேக்கத் தோணலையா?"

"என்னத்தை?"

"வந்து பத்து நாளாச்சு. உங்க பாட்டிலையெல்லாம் தேடவே இல்லையே?"

அவர் துண்டில் கையைத் துடைத்தார். "அதெல்லாம் சிவப்பு ஆச்சே" என்றார்.

"யார் சொன்னா?"

"பேக்கிங்காரர்தான். ஒட்டுன அன்னிக்கே கேட்டேன். பட்டறையில நாப்பது வருஷம் பக்கத்துல இருக்கறவனைக் கேட்டுக் கேட்டுத்தானே கலர் தெரிஞ்சுக்கிட்டேன்? அது பழகிப்போச்சு."

கடையில் தக்காளி பழுத்திருக்கிறதா என்றுகூட முன்பின் தெரியாத ஆளிடம் கேட்டு வாங்கும் மனுஷர். நாற்பத்தெட்டு வருஷம் கூடவே இருந்தும் அது அவள் புத்திக்கு எட்டாமல் போய்விட்டது. தன்னை மட்டும் நம்பி, யாரையும் கேட்காமல் இருந்துவிடுவார் என்று நினைத்துவிட்டாள்.

"தெரிஞ்சுமா லாரியில ஏத்துனீங்க?"

"அந்தப் பேப்பர் விஷயம்தான்னு எனக்குப் புரியாதா? சரி, அவ கோவம் இதோட தீரட்டும்னு விட்டுட்டேன். சரிக்குச் சரி ஆயிடுச்சு, போ." அவர் பெருந்தன்மையாகச் சிரித்தார்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தாற்போல் ஆயிற்று. அவள் வாங்க வேண்டிய பழியை அவரே தானமாகக் கொடுத்து, அதற்குப் புண்ணியமும் தேடிக்கொண்டுவிட்டார். தூக்கி வளர்த்த கோபத்தை ஒருவர் பிச்சை போடுகிற மாதிரி கையில் வைத்துவிட்டால் வயிறு எரியாமல் என்ன செய்யும்?

"ஆகலை" என்றாள். "நீங்க தெரிஞ்சு குடுத்தீங்க. ஒவ்வொண்ணையும் தொட்டுப் பாத்து, துணியில சுத்தி, வழியனுப்பிட்டு வந்தீங்க. எனக்கு அது இருந்துச்சா? நான் வெறும் கம்பியைப் பாத்துட்டு நின்னேன். நின்னு உங்களைக் கேட்டேன். நீங்களும் கேளுங்க."

"என்னன்னு கேக்கறது?"

"என் பாட்டிலெல்லாம் எங்கன்னு கேளுங்க."

"உனக்கென்ன பைத்தியமா?"

"கேளுங்க."

அவள் முகத்தைப் பார்த்ததும் அவருடைய சிரிப்பு குறைந்தது. இருந்தாலும் சின்னப் பிள்ளையைச் சமாதானப்படுத்துகிற குரலில்தான் ஆரம்பித்தார். "சரிம்மா. என் பாட்டிலெல்லாம்..." என்றவர் நிறுத்தினார். "என் பாட்டிலெல்லாம் எங்க?" என்று கேட்டு முடித்தபோது குரல் உடைந்திருந்தது.

அவளுக்கு இரக்கம் வந்தது. பொய் சொல்வானேன், நிறையவே வந்தது. வந்த இரக்கத்தை வாசலிலேயே நிற்கவைத்துவிட்டு அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

"அதுவா? குப்பைன்னு நினைச்சேன்."

லேத்துக்காரர் கட்டிலில் உட்கார்ந்தார். எழுபத்தைந்து வயதுத் தோள் குலுங்கியது. "மேல் பலகையில மூணாவது பாட்டில்" என்றார். "பித்தளைத் திருகாணி. பட்டறையை மூடுன அன்னிக்குக் கடைசியா நான் கடைஞ்சது." அப்புறம் நான்காவது பாட்டில். அப்புறம் அதற்குப் பக்கத்தில் இருந்தது. வரிசை தப்பாமல் சொல்லிக்கொண்டே போனார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள். தேன் குடித்தது போலத்தான் இருந்தது. துண்டை எடுத்துக் கொடுக்கவில்லை.

கீழ்ப் பலகைக்கு வந்தபோது அவர் பேச்சை நிறுத்தினார். மூக்கைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"உன்னோடது எத்தனை இருந்துச்சு?"

இருபத்தொரு வருஷத்தில் அவர் அதைக் கேட்பது இதுதான் முதல் தடவை.

"நானூத்திப் பன்னண்டு" என்றாள். "முதல் ஆளு முனை வீட்டு நர்ஸம்மா. தோள் பதினாலரை, கழுத்து பின்னால ஆறு. வலது கை கொஞ்சம் பெருசு, நோயாளிகளைத் தூக்கித் தூக்கி. அதனால வலது கைக்குத் தனியா வெட்டுவேன்."

வெளியே நடையில் காலடிச் சத்தம் கேட்டது. கம்பவுண்டர் கதவைத் தட்டி, கீழே பொதுக் கூடத்தில் சாப்பாடு போட ஆரம்பித்துவிட்டார்கள், வரவில்லையா என்று கேட்டார். லேத்துக்காரர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தார்.

"உக்காருங்க" என்றாள் தையல்காரம்மா. "இன்னும் நானூத்திப் பதினோரு பேர் இருக்காங்க."

அவர் உட்கார்ந்தார்.