மருந்துக்குள் முளைத்த பச்சை

ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளைக் 'கிருமி டாக்டர்' என்றுதான் சொல்வார்கள். சீழ், சளி, ரத்தம் என்று எது வந்தாலும் தட்டில் இட்டு வளர்த்து, இது இன்ன கிருமி, இன்ன மருந்துக்குச் சாகும் என்று சொல்வது அவள் வேலை. எதற்கும் முகம் சுளிக்காதவள். ஆனால் அன்று காலை லேபில் ஒரு தட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் மூண்டது.

அந்தத் தட்டில் இருந்தது நோயாளியின் சீழ் அல்ல. ஆபரேஷன் தியேட்டரின் மேஜையைத் துடைக்கிற கிருமிநாசினி. கேனிலிருந்து அவளே எடுத்து வந்து இட்டது. ஒரு பொட்டுகூட முளைத்திருக்கக் கூடாது. தட்டு முழுக்கப் பச்சையாகப் படர்ந்து கிடந்தது. பக்கத்துத் தட்டில் தையல்காரரின் முழங்கால் புண்ணிலிருந்து எடுத்த சீழ். அதிலும் அதே பச்சை, அதே வாடை. எந்த ஊசி மருந்தும் இரண்டையும் அசைக்கவில்லை.

மூட்டு மாற்ற வந்த மனிதர் அந்தத் தையல்காரர். “மெஷின் மிதிக்கிற காலு டாக்டர், பாத்து ஒட்டுப் போடுங்க” என்று சிரித்துக்கொண்டே தியேட்டருக்குள் போனவர். இப்போது கால் தூண் போல வீங்கி, ஜுரத்தில் பிதற்றிக்கொண்டிருந்தார்.

அவள் இரண்டு தட்டையும் எடுத்துக்கொண்டு நிர்வாகியின் அறைக்குப் போனாள். நிர்வாகி வேறு யாருமல்ல, கூடப் பிறந்த அண்ணன்.

“உக்காருங்க டாக்டர்” என்றான். வீட்டில்தான் 'பாப்பா'. இங்கே மரியாதை.

“உக்காரல. இது உன் கிருமிநாசினி, இது அந்த மனுஷனோட காலு. ரெண்டுலயும் ஒரே கிருமி.”

அவன் தட்டைத் தொடாமலே எட்டிப் பார்த்தான். “கிருமியைக் கொல்ற மருந்துலயே கிருமியா? மீன் நெருப்புல நீந்துச்சுன்னு சொல்ற மாதிரி இருக்கு.”

“நெருப்பா இருந்தா செத்திருக்கும். நீ அதை வெந்நீரா ஆக்கிட்ட. நெடி தாங்கலன்னு யாரோ நாலு பேர் சொன்னாங்கன்னு பாதிக்குப் பாதி தண்ணியும் எலுமிச்சை வாசனையும் கலக்கச் சொன்னது யாரு? கேனைக் கழுவாம, மிச்சத்து மேலயே ஊத்தி ஊத்தி வெச்சிருக்காங்க. அரைகுறையா அடிச்ச பாம்பு சும்மா போகுமா? அந்தத் தண்ணியிலயே குடும்பம் நடத்திப் பழகிடுச்சு. கிருமிநாசினியைத் தன் உடம்புலேர்ந்து வெளிய தள்ளப் படிச்ச கிருமி ஊசி மருந்தையும் தள்ளுது.”

“ஆஸ்பத்திரின்னாலே நாத்தம்னு ஜனங்க ஓடிடக் கூடாதேன்னுதான் செஞ்சேன். சரி, துடைக்கிறவங்களைக் கூப்பிட்டுக் கண்டிக்கிறேன். போதுமா?”

“அவங்க என்ன பண்ணாங்க? நீ சொன்னபடி கலந்தாங்க!”

“கத்தாதே. மேலிடத்துலேர்ந்து பார்வையிட வர்றாங்க. அது முடியட்டும், எல்லாத்தையும் மாத்திடலாம்.”

“அதுவரைக்கும்?”

அவன் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான். அவள் அதற்குமேல் நிற்கவில்லை.

நேரே தியேட்டருக்கு ஓடினாள். கை எலும்பு முறிந்த ஒரு சின்னப் பெண்ணை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவள் கதவுக்குக் குறுக்கே நின்றாள்.

“உள்ள யாரும் போகக் கூடாது.”

எலும்பு டாக்டருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “கிருமி டாக்டரே, உங்க ராஜ்ஜியம் லேபோட சரி. நகருங்க!”

“உங்க கத்தி சுத்தம் சார். மேஜை சுத்தமில்ல.”

சத்தம் கேட்டு அண்ணனும் வந்துவிட்டான். “நம்ம மானத்தை வாங்காதே” என்று பல்லைக் கடித்தான். அவள் சுவரோரம் இருந்த கேனை எடுத்தாள். எலுமிச்சை மணம் கமகமவென்று வந்தது. ஒரு பஞ்சை அதில் முக்கி எடுத்தாள். அவன் தாடையில் காலையில் சவரம் செய்தபோது பட்ட வெட்டு இன்னும் காயாமல் சிவந்திருந்தது.

“இது நல்ல மருந்துதானே? இந்தக் காயத்துல தடவுறேன், காட்டு.”

“என்ன விளையாட்டு இது?”

“காட்டுண்ணா.”

பஞ்சு நெருங்கியதும் அவன் தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தான். அங்கே நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள்.

“உன் தோலுன்னா வலிக்குது, இல்ல?” என்றாள்.

எலும்பு டாக்டர் அவனையும் கேனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஸ்ட்ரெச்சரை அவரே திருப்பினார். “குழந்தையை வார்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. தியேட்டரைப் பூட்டுங்க.”

கேன்களெல்லாம் குப்பைக்குப் போயின. மூலைமுடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவி, புது மருந்தைச் சரியான அளவில் கலந்து, அவள் தட்டில் போட்டுப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் தியேட்டர் திறந்தது. அந்தச் சின்னப் பெண் கை எலும்பு கூடி வீட்டுக்குப் போனாள். தையல்காரருக்கு மட்டும் காலம் கடந்துவிட்டது. உயிரைக் காப்பாற்றத் தொடையோடு காலை எடுத்தார்கள்.

வார்டு வராந்தாவில் அவர் மனைவியிடம் அண்ணன் பேசிக்கொண்டிருந்ததை அவள் கேட்டாள். “உங்க வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இருக்கில்லம்மா, புண்ணு ஆறாது. எங்களால முடிஞ்சதைச் செஞ்சோம்.”

அவளுக்கு ரத்தம் தலைக்கேறியது. “பொய்” என்றாள். “சர்க்கரையால இல்லம்மா. எங்க மேஜையில கிருமி இருந்துச்சு. வாசனைக்காக மருந்துல தண்ணி கலந்தோம். கலக்கச் சொன்னவர் இவர். இவர் என் அண்ணன்.”

அந்த அம்மாள் அழவில்லை. இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

“வாசனைக்கா?” என்றாள். “வாசனைக்கா அவரு காலை எடுத்தீங்க?”

பிறகு தங்கையின் பக்கம் மட்டும் திரும்பினாள்.

“நீங்க இப்பச் சொன்னதை நான் கூட்டிட்டுப் போற போலீஸ் ஸ்டேஷன்லயும் சொல்வீங்களா?”

“பாப்பா...” என்றான் அண்ணன், ஆஸ்பத்திரி என்பதையும் மறந்து.

“சொல்றேன்” என்று அவள் அந்த அம்மாளோடு படியிறங்கினாள். கோபம் கொஞ்சமும் தணியவில்லை. தணியவும் அவள் விடவில்லை.