பதின்மூன்றாவது பாட்டுக்கான காசு

1

முப்பத்தேழு ரூபாய் ஐம்பது பைசா. பழவங்காடியில் பாட்டுப் பதிவுக் கடை வைத்திருந்த பஞ்சாபகேசனுக்குத் தங்கையன் கொடுக்க வேண்டிய பாக்கி அது. அறுபது நிமிஷ வெற்றுக் கேசட் ஒன்று, இருபத்தைந்தரை ரூபாய். பாட்டுக்கு ஒரு ரூபாய் வீதம் பன்னிரண்டு பாட்டு, பன்னிரண்டு ரூபாய். வருஷம் 1986. முப்பத்தொன்பது வருஷமாகியும் கொடுக்கவில்லை.

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை நானே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் என்மேல் சந்தேகம் வரும். எங்கள் வாசகசாலை ஆண்டுமலருக்குச் சுமி எழுத்துக் கேட்டாள். அவள்தான் செயலாளர்.

“மாமா, எண்பதுகள்ல ஒங்களுக்கு இஷ்டப்பட்ட ஒரு வருஷம். அந்த வருஷத்துப் பாட்டைப் பத்தி மட்டும். ரெண்டு பேஜ் போதும், கேட்டோ?”

நான் சாலை என்கிற கடைத்தெருவில் மூட்டை சுமந்தவன். முப்பது வயசுக்குமேல்தான் எழுத்துப் படித்தேன். மலையாளம் சாக்ஷரதா என்ற எழுத்தறிவு வகுப்பில். தமிழ் என் மனைவியின் வேதப்புத்தகத்தில் விரல் வைத்து. இரண்டு பக்கம் எழுத எனக்கு ஒரு மாதம் ஆகும். ஆனாலும் சரி என்றேன். 1986 என்று சொன்னதும் என் கை தானாக முப்பத்தேழரை ரூபாய் என்று எழுதியது. பாட்டைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் ஏன் கடனை எழுதினான்? இந்தக் கையை நான் அன்றைக்கே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

2

முதல் தொடக்கம்:

1986 தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் ஒரு பொற்கா—

(அடித்துவிட்டேன். அந்த வருஷம் தங்கையன் தலையில் ஏறியது அரிசி, மிளகாய், வெல்லம். பொன் ஏறவில்லை.)

இரண்டாவது தொடக்கம்:

அந்த வருஷந்தான் பாட்டுகளில் தோல்கொட்டு பின்னால் போய் மெஷின் கொட்டு முன்னால் வந்தது. தகரத்தைக் கிணற்றுக்குள் போட்ட மாதிரி ஓர் அடி; அது எழும்பி வருவதற்குள் அடுத்த அடி. சாலையில் டீக்கடைக்காரர் இரண்டு ஸ்பீக்கர் கட்டியிருந்தார். தமிழ், மலையாளம், இந்தி, இங்கிலீஷ், எல்லாவற்றிலும் அதே கொட்டு. எழுத்து தெரியாத தங்கையனுக்கு எல்லாம் ஒரே பாஷையாகத்தான் கேட்டது. அந்த அடிக்குக் கால் வைத்தால் எழுபத்தைந்து கிலோ மூட்டை அறுபதாகக் கனக்கும். அவன் உடம்பு அந்த ஒரு வருஷம்தான் வலிக்கவில்லை.

(இது இருக்கட்டும். இதில் பொய் இல்லை.)

3

1986 செப்டம்பரில் தங்கையனுக்குக் கல்யாணம். பெண் ஓமனா, பொன்முடி எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவள், லயத்து வரிசை வீட்டில் குடியிருப்பு. கல்யாணத்துக்கு முன் அவளுக்கு ஏதாவது கொடுத்தனுப்ப வேண்டும் என்று தங்கையன் ஆசைப்பட்டான். சேலை எடுக்க அம்மா இருந்தாள். எனவே பாட்டு.

அப்போதெல்லாம் பதிவுக் கடைக்குப் போகிறவர்கள் பாட்டுப் பெயர்களைத் தாளில் எழுதிக்கொண்டு போவார்கள். தங்கையன் வாயில் கொண்டுபோனான். பஞ்சாபகேசன் முன் நின்று ஒவ்வொன்றாக முனகினான். அவர் சிரிக்காமல் கேட்டு எழுதினார். பன்னிரண்டு. விரல் கணுவில் எண்ணி வைத்திருந்தான். படிக்கத் தெரியாவிட்டாலும் எண்ணத் தெரியாதவன் மூட்டை தூக்க முடியாது. கேசட் பொன்முடி பஸ் கண்டக்டர் கையில் ஏறி மலைக்குப் போனது. காசு கல்யாணம் முடிந்து தருவதாகப் பேச்சு.

கல்யாணம் முடிந்த மறுவாரம் இரவல் டேப்பில் அதைப் போட்டுக் கேட்டார்கள். பன்னிரண்டும் முடிந்தன. தங்கையன் நிறுத்தப் போனான். நாடா இன்னும் ஓடியது. பதின்மூன்றாவது ஒன்று வந்தது.

மெஷின் கொட்டு இல்லை. ஒரு கிதார், ஒரு மெலிந்த ஆண்குரல். போகிறவளை நிற்கச் சொல்லாமல், மெதுவாகப் போ என்று மட்டும் கேட்கிற பாட்டு. தங்கையன் அதை முனகவில்லை. அதற்கு முன் கேட்டதுமில்லை. கடைக்காரர் கொடுத்த துண்டுச்சீட்டில் பன்னிரண்டுக்குத்தான் காசு போட்டிருந்தது.

கேட்காத பாட்டை, காசு வாங்காமல், அடுத்தவன் கட்டப்போகிற பெண்ணுக்கு ஒருவன் ஏன் போட்டான்?

அன்றிலிருந்து தங்கையன் சாட்சி சேர்க்க ஆரம்பித்தான். பஞ்சாபகேசன் அந்த மே மாதம் எஸ்டேட் சர்ச் அசன விருந்துக்கு மைக்செட் கட்டப் பொன்முடிக்குப் போயிருக்கிறார். பாடகர் குழுவில் ஓமனா முன்வரிசை. மைக்கை அவள் வாய்க்கு நேராக இறக்கி வைத்தது அவர்தான். பிறகு, பாக்கியை அவர் ஒருநாளும் கேட்கவில்லை. கடன் கொடுத்தவன் கேட்காமல் இருப்பானா? தெருவில் தங்கையனைக் கண்டால் எதிர்ப்பக்கம் மாறிப் போனார். எல்லாவற்றுக்கும் மேலே, ஓமனா. அரிசியில் கல் பொறுக்கும்போது அவள் முனகியது அந்தப் பன்னிரண்டில் ஒன்றையும் அல்ல. பதின்மூன்றாவதை.

தங்கையன் வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். முப்பத்தொன்பது வருஷம் பார்த்துக்கொண்டிருந்தான்.

(இந்த இடத்தில் தங்கையனை எனக்கே பிடிக்காமல் போயிற்று. கொஞ்சம் நல்லவனாக்கலாமா என்று யோசித்தேன். ஒரு நாய்க்குச் சோறு போடுகிற மாதிரி ஒரு வரி எழுதினேன். எங்களுக்கு நாய் கிடையா—)

4

எங்களுக்கு என்று கை எழுதிவிட்டது. மறைக்க இனி ஒன்றுமில்லை.

நான் எழுதியதை எப்போதும் முதலில் வாசிப்பது என் மனைவி. எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பு. பென்சிலை வைத்துக்கொண்டு பிழை பார்ப்பாள். இந்தத் தாள்களை நான் மிளகாய் டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். சமையல் செய்கிறவளிடம் மிளகாய் டப்பாவுக்குப் பின்னால்.

“இது ஆருக்க கதை?” என்றாள்.

“தங்கையன்னு ஒருத்தனுக்க கதை.”

“ஓகோ. ஒங்களுக்க பேரை மாத்தியாச்சு. எனக்க பேரை மட்டும் எதுக்கு அப்படியே வச்சிருக்கிய?”

குற்றவாளியின் பெயரை மாற்றினால் வழக்கு நிற்காது என்று உள்ளே எங்கேயோ நினைத்திருக்கிறேன்.

அவள் அழவில்லை. பையில் நாலு சேலையை எடுத்து வைத்தாள். வித்துராவில் மகள் பிஜி வீடு.

“நான் நாப்பது வருஷமா ஒரு மனுசனுக்க கூட இருக்கேன்னு நெனச்சேன். போலீஸ் ஸ்டேஷன்லயாக்கும் இருந்திருக்கேன். கதையை முடிச்சு அனுப்புங்க. வாசிச்சுப் பாத்திட்டு, வாறதா வேண்டாமான்னு சொல்லுதேன்.”

“முடிவு எப்படி வேணும்?”

“அதையும் நானாக்கும் சொல்லணுமோ?”

அவள் போன பிறகுதான் மூன்றாம் பகுதியின் அடியில் பென்சில் எழுத்தைப் பார்த்தேன். அப்படியே தருகிறேன்:

“பன்னிரண்டு பாட்டும் பஸ் ஸ்டாண்டில் போடுகிற பாட்டு. அது உங்களுக்குப் பிடித்தது, நீங்கள் போட்டுக்கொண்டீர்கள். கடைசிப் பாட்டு மட்டும்தான் எனக்கென்று போட்டது என்று நினைத்தேன். வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்தேன். அதனால்தான் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் பாடினேன்.”

இதற்குமேல் இந்தக் கதையின் வாசகர் நீங்கள் அல்ல, மன்னிக்க வேண்டும். வித்துராவில் ஒருத்தி இருக்கிறாள். நீங்கள் கூட நின்று கேட்டுக்கொள்ளலாம். தங்கையன் என்றே தொடர்கிறேன். “நான்” என்று எழுதியதை இரண்டு தடவை அடித்துவிட்டேன்.

5

தங்கையன் கோட்டை மதிலுக்குள் உள்ள தெருக்களில் பஞ்சாபகேசனின் வீட்டைத் தேடிப் போனான். கடை மூடி இருபது வருஷம். கதவைத் திறந்தவர் அவர்தான், எண்பதை நெருங்கிய உடம்பு.

“யாராக்கும்?”

“சாலையில சுமடு எடுத்த தங்கையன், சாமி.”

பெரியவர் ஓரடி பின்னால் போனார். “ரெண்டரை ரூபாய்க்கா ஓய் இத்தனை வருஷம் கழிச்சு வந்தீர்?”

“எந்த ரெண்டரை?”

உள்ளேயிருந்து அவர் மனைவி விஜயலக்ஷ்மி கேட்டாள்: “ஏன்னா, யாரது?”

“அந்த நோக்குகூலி* ஆளு. என் பர்ஸை எடுத்துண்டு வா!”

(* நோக்குகூலி: சரக்கை உடைமைக்காரரே இறக்கினாலும், பக்கத்தில் நின்று பார்த்ததற்காகச் சுமட்டுக்காரர்கள் வாங்கிய கூலி. இப்போது சட்டம் தடுத்துவிட்டது. அப்போது தங்கையனும் வாங்கியிருக்கிறான். வெட்கத்தோடு எழுதுகிறேன்.)

விஷயம் இவ்வளவுதான். 1986 ஆகஸ்டில் கடைக்குப் புது டேப்டெக்கும் ஸ்பீக்கர் பெட்டியும் டெம்போவில் வந்தன. அவரும் மச்சினனுமே இறக்கினார்கள். எதிரே பீடி பிடித்து நின்ற தங்கையன், நாற்பது ரூபாய் நோக்குகூலி என்றான். நாளைக்கு என்றார் அவர். அதன் பிறகு தங்கையன் கடைப்பக்கமே வரவில்லை.

“பாட்டுக் காசை நோக்குகூலிலே கழிச்சுண்டுட்டான்னு நெனச்சேன். நாப்பதுலே முப்பத்தேழரை போனா, நான் ரெண்டரை தரணும். கண்டா கேப்பீரே, பத்துப்பேரைக் கூட்டிண்டு வருவீரேன்னு எதிர்ப்பக்கமா நடந்தேன். பயம்தான் ஓய், வேறென்ன!”

தங்கையனுக்கு அந்த நாற்பது ரூபாய் ஞாபகத்திலேயே இல்லை. முப்பத்தொன்பது வருஷத்துச் சாட்சிகளில் இரண்டு அங்கேயே செத்து விழுந்தன.

“பி சைடு கடைசிலே ஒரு பாட்டு இருந்தது, சாமி. நான் கேக்காதது. என் சம்சாரத்துக்கு அனுப்பின கேசட்டு.”

“கடைசிலே மிச்சம் இருந்தா எதையாவது போட்டு நெரப்புவேன். வெறும் நாடா ஓடினா ஜனங்க சண்டைக்கு வருவா, ஏமாத்திட்டேன்னு. பாதிலே அறுந்து போகும், அதை யாரும் கேக்கமாட்டா. அதுக்குக் காசும் கெடையாது.”

“என்ன பாட்டுன்னு ஓர்மை இருக்கா?”

“எத்தனை ஆயிரம் கேசட் ஓய்! உம்ம ஆத்துக்காரி யாருன்னே எனக்குத் தெரியாதே.”

விஜயலக்ஷ்மி மோர் கொண்டுவந்து வைத்தாள். “இவருக்கு என் பொறந்தநாளே ஓர்மை இல்லே. இவர்போய் இன்னொருத்திக்குப் பாட்டுப் போட்டாராமா?” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

6

இங்கே முடிவு வர வேண்டும். மூன்று எழுதினேன்.

முதலாவது: தங்கையன் பெரியவரிடம், “நான்தான் அந்தப் பாட்டைக் கேட்டுப் போட்டேன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க” என்கிறான். (உண்மையாகவே வாய்வரை வந்தது. கேட்டிருந்தால் எழுதிக்கொடுத்திருப்பார். ஓமனாவும் திரும்பி வருவாள். பிறகு அவள் அதைப் பாடுகிறபோதெல்லாம் நான் அவள் முகத்தைப் பார்ப்பேன், நம்பினாளா என்று. மறுபடியும் பார்க்கிற வேலை. வேண்டாம்.)

இரண்டாவது: தங்கையன் வித்துராவுக்கு ஓடிப்போய்க் காலில்— (முதுகு குனியாது. குனிந்தாலும் அவள் சிரித்துவிடுவாள், காரியம் கெட்டுப்போகும்.)

மூன்றாவது, நடந்தது.

பெரியவர் இரண்டு ரூபாய் நோட்டும் எட்டணாக் காசும் எடுத்து நீட்டினார். தங்கையன் வாங்கவில்லை.

“நோக்குகூலி வேண்டாம் சாமி. சும்மா பாத்துக்கிட்டு நின்னதுக்கு எதுக்குக் கூலி? நான்தான் தரணும்.”

சட்டைப் பையிலிருந்து முப்பத்தேழரை எண்ணி வைத்தான். பிறகு ஒரு ரூபாய் நாணயத்தைத் தனியாக எடுத்து மேலே வைத்தான்.

“இது எதுக்கு ஓய்?”

“பதின்மூணாவது பாட்டுக்கு.”

“அது ஓசின்னேனே.”

“ஓசின்னா அது ஒங்களுக்க பாட்டு, சாமி. காசு குடுத்தா எனக்க பாட்டு. பில்லு எழுதுங்க.”

பஞ்சாபகேசன் மேஜை அடியில் தேடிப் பழைய பில் புத்தகம் எடுத்தார். எழுதிக் கிழித்துக் கொடுத்தார்.

ஒன்றுமட்டும் தங்கையன் அவரிடம் கேட்கவில்லை. நிரப்புகிற பாட்டு பாதியில் அறுந்து போகும் என்றார் அல்லவா? பதின்மூன்றாவது அறுந்து போகவில்லை. கடைசிச் சொல்வரை முழுசாக முடிந்து, அதற்குப் பிறகு ஒரு மூச்சு அளவுக்கு நாடா ஓடித்தான் நின்றது. கேள்வியை மோரோடு சேர்த்துக் குடித்து இறக்கினான்.

இதை அச்சில் நீங்கள் வாசிக்கிறீர்கள் என்றால், ஒன்று ஓமனா சம்மதித்திருக்க வேண்டும், அல்லது சுமி என்னைக் கேட்காமல் போட்டிருக்க வேண்டும். எது என்று நீங்களே முடிவு செய்யுங்கள். எனக்குச் சந்தேகப்பட்டுப் பழகியாயிற்று, என் தீர்ப்பை நம்ப வேண்டாம்.

தாள்களை உறையில் போட்டு வித்துரா வழி போகும் பொன்முடி பஸ் கண்டக்டரிடம் கொடுக்கப் போகிறேன். இப்போது கண்டக்டர் ஒரு பெண்பிள்ளை. “உள்ளே எந்தாணு?” என்று நிச்சயம் கேட்பாள். பாட்டு என்று சொல்லலாம் என்றிருக்கிறேன்.

ஓமனா, பில்லை இதோடு குத்தியிருக்கிறேன். அதில் இருப்பது இவ்வளவுதான்:

கேசட் 1, பாட்டு 13. ரூ. 38.50. வரவு வைத்தாயிற்று. பாக்கி இல்லை.

அதற்குக் கீழே அரைப் பக்கம் விட்டிருக்கிறேன். பென்சில் உறைக்குள் இருக்கிறது.