அம்பரீன் சொன்ன பொய்

விடியற்காலையில் கரண்ட் இல்லை. கம்பெனி பஸ் வந்துவிடப்போகிறதே என்ற அவசரத்தில் அம்பரீன் மாடத்தில் கைக்கு அகப்பட்ட ட்யூபைப் பிதுக்கிப் பல் துலக்கினாள். பூண்டு நாற்றம் அடித்ததும் துப்பிவிட்டு, வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். எலி மருந்து. விற்கக் கூடாதென்று அரசாங்கம் தடை செய்த மருந்துதான். ஆனாலும் அவள் கணவன் ஹஸன் எங்கோ கேட்டு வாங்கிவந்து அங்கே வைத்திருந்தான். வாயை நன்றாகக் கொப்பளித்துக்கொண்டு அவள் வேலைக்குப் போனாள். ஆம்பூரில் ஷூவுக்குத் தோல் தைக்கிற வேலை. சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

ஓரிரு நாள் ஒன்றும் தெரியவில்லை. பிறகு வாந்தி எடுத்தாள், கண் மஞ்சளாகிவிட்டது. ஹஸன் வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். டாக்டர் துருவிக் கேட்டபோதுதான் ட்யூப் விஷயத்தைச் சொன்னாள். ஈரல் கெட்டுக்கொண்டிருக்கிறது, இதற்கு மாற்று மருந்து கிடையாது என்றார் டாக்டர். மெஷின் வழியாக ரத்தத்தை எடுத்து, அதிலிருக்கும் பிளாஸ்மா என்கிற நீரை மட்டும் பிரித்துக் கொட்டிவிட்டு, மற்றவர்கள் கொடுத்த பிளாஸ்மாவைச் சேர்த்துத் திரும்ப ஏற்றுவார்களாம். ஈரல் தானாகத் தேறுகிறவரை அது அவளைத் தாக்குப்பிடிக்க வைக்கலாம்.

வாணியம்பாடியிலிருந்து அவளுடைய அண்ணன் காஷிஃப் வந்தான். அவனும் ஹஸனும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்து ரத்தம் கொடுத்தார்கள். ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. அவள் பல் துலக்கியதற்கு முந்தின சாயங்காலம் வீட்டில் பெரிய சண்டை நடந்திருந்தது. வேலையை விட்டு நின்றுவிடு என்று ஹஸன் கத்தியிருந்தான், அவள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். அது தெருவுக்கே கேட்டிருந்தது. காஷிஃப் காதுக்கும் போயிருந்தது.

கழுத்தில் குழாய் செருகி முதல் தடவை மெஷினில் போட்டபோது அவளுக்கு உதடு மரத்து, உடம்பு நடுங்கியது. நர்ஸ் கிரேஸி இரண்டு கம்பளி போர்த்திக் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது தடவைக்குப் பிறகு ரத்தப் பரிசோதனை கொஞ்சம் நன்றாக இருந்தது. அம்பரீன் கஞ்சி கேட்டுக் குடித்தாள்.

பார்க்க விடும் நேரத்தில் ஹஸன் உள்ளே வந்து, தினமும் கேட்டதையே கேட்டான்.

"நெஜத்த சொல்லு. நான் திட்னதுனாலதான?"

"எத்தன தடவ சொல்றது? கரண்ட் இல்ல. பேஸ்ட்டுன்னு எடுத்துட்டேன்."

"எங்கிட்ட மறைக்காத அம்பரீன்."

அவன் விடவில்லை. கெஞ்சினான், அழுதான். அவளுக்குத் தலை பாரமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டாள்.

"சரி. வேணும்னேதான் தின்னேன். போதுமா? இனிமே கேக்காதீங்க, தூங்கணும்."

அவன் அப்படியே அடங்கிப்போனான். வீட்டுக்குப் போனபிறகு நல்லபடியாகச் சொல்லிப் புரியவைத்துக்கொள்ளலாம் என்று அவள் நினைத்தாள்.

மறுநாள் அவளுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. கிரேஸியைத் தன் தாய் என்று நினைத்து அம்மி என்று கூப்பிட்டாள். மூன்றாவது முறை பிளாஸ்மா மாற்றினபோது நினைவே இல்லை. ஊசி போட்ட இடமெல்லாம் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அடுத்த நாள் மத்தியானம் இறந்துபோனாள்.

விஷத்தால் வந்த சாவு என்பதால் போலீஸ் வந்து விசாரித்தது. காஷிஃப் சுவரோரம் நின்று ஹஸனையே பார்த்துக்கொண்டிருந்தான். தற்கொலை என்ற பேச்சு அவள்மேல் விழக்கூடாது என்று ஹஸன் முடிவு செய்திருந்தான்.

"கரண்ட் இல்ல சார். பேஸ்ட்டுன்னு தெரியாம எடுத்துட்டா. அங்க வெச்சது நான்தான்."

பொய் சொல்கிறோம் என்றே அவன் நினைத்தான். காஷிஃப் வந்து முதல்முறையாக அவன் தோளில் கைவைத்தான்.

"எங்கிட்டயும் அதான் சொன்னா. நான்தான் நம்பல."

அண்ணனிடமும் மறைத்துவிட்டாள் என்று ஹஸன் எண்ணிக்கொண்டான்.

ஆம்பூரில் அடக்கம் செய்தார்கள். எல்லோரும் கலைந்த பிறகும் ஹஸன் அங்கேயே உட்கார்ந்து, அவள் செய்யாத பாவத்தை மன்னிக்கச் சொல்லி அல்லாவிடம் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தான்.