குடித்ததைக் கேட்கவில்லை

இப்போதெல்லாம் யாரும் யாரையும் நல்லா இருக்கியா என்று கேட்பதில்லை. உனக்கு என்ன வியாதி என்றுதான் கேட்கிறார்கள். ஒன்றுமில்லை என்று சொன்னால் கேட்டவர்களுக்கு முகம் வாடிப்போகிறது. காளியண்ணனுக்கு இந்தப் பழக்கமே பிடிக்காது.

மலைமேல் தேவனூர் நாட்டில் அவர் வேலை பார்க்கும் மிளகுத் தோட்டத்துக்கே இப்போது அது வந்துவிட்டது. மாதம் ஒருமுறை நர்ஸ் வந்து, வேலையாட்களின் உடம்பை வேலையிடத்திலேயே பார்ப்பாளாம். சாப்பிடாமல் வரச் சொல்லி மேஸ்திரி முரளி முந்தின நாளே சொல்லியிருந்தான். காலையில் கோகிலவாணி என்ற ராசிபுரத்துப் பெண் களத்தில் பெட்டியைத் திறந்து உட்கார்ந்தாள்.

"சாப்பிட்டீங்களா ஐயா?"

"இல்லீங்க."

காளியண்ணன் விரலில் குத்தி மெஷினைப் பார்த்தாள். நூற்று எழுபது.

"வெறும் வயித்துல இவ்வளவு இருக்கக் கூடாதுங்க. சர்க்கரை மாதிரி தெரியுது."

முரளி குறுக்கே வந்தான். "அப்ப பெரியவர் இனி ஏணி ஏற வேண்டாம். தலை சுத்தி விழுந்தா நான்தான் பதில் சொல்லணும். கீழ உக்காந்து மிளகு உதிர்க்கட்டும்."

காளியண்ணனுக்குச் சுருக்கென்றது. நாற்பது வருஷமாக ஒற்றை மூங்கில் ஏணியைச் சாத்தி, சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த மிளகின் உச்சிக்கொடி வரை ஏறிப் பறிக்கிற ஆள் அவர். அவரைக் கொண்டுபோய்க் களத்தில் உட்கார வைப்பதா?

"சர்க்கரை உன் பெட்டிக்குத்தான் அம்மிணி, எனக்கில்லை" என்றார்.

அடுத்துக் குத்திக்கொண்ட கண்ணாயிக்கும், பின்னால் வந்த பலருக்கும் அதே கதை. "வரிசையில பாதிப் பேருக்குச் சர்க்கரையாம் மாமா. மலையே இனிச்சுக் கெடக்குது போ" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நர்ஸ் மட்டும் சிரிக்கவில்லை.

"நெசமாவே யாரும் ஒண்ணும் சாப்பிடலீங்களா?"

"சோறு பொங்கினாத்தானே சாப்பிட?" என்றாள் கண்ணாயி. "கூழைக் குடிச்சுட்டு ஓடியாந்தோம்."

"கூழா?"

"வெல்லக் காப்பியும்" என்றார் காளியண்ணன். "சாப்பிட்டியான்னு கேட்டே. இல்லேன்னேன். குடிச்சியான்னு நீ கேக்கலையே."

கோகிலவாணி பேனாவை வைத்துவிட்டாள். "தப்பு என் மேலதாங்க. இன்னைக்கு எழுதினது எதுவும் செல்லாது. நாளைக்கு மறுபடி வாரேன். கூழு, காப்பி, கெழங்கு, ஒண்ணும் வேண்டாம். பச்சைத் தண்ணி மட்டும்."

"வெத்தலை?"

"அதுவும் வேண்டாங்க."

மறுநாள் காளியண்ணனுக்குத் தொண்ணூற்றெட்டு. மற்றவர்களுக்கும் இறங்கிவிட்டது. கண்ணாயிக்கு மட்டும் இறங்கவில்லை. அவள் முகம் சுண்டிப்போயிற்று.

"பயப்படாதீங்க, இப்பவே தெரிஞ்சது நல்லது" என்று நர்ஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "செம்மேட்டு ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிட்டுப் போறேன். இதுக்காக வேலையை விட வேண்டியதில்லை." பிறகு முரளி பக்கம் திரும்பினாள். "பத்தரை மணிக்கு எல்லாருக்கும் சாப்பிட அரை மணி நேரம் விடுங்க. வெயில்ல வயிறு காஞ்சு ஏணியில நின்னா, சர்க்கரை இல்லாதவங்களும் விழுவாங்க."

முரளி தலையைச் சொறிந்தான். கடைசியில், "சரிங்க, விட்டுடலாம்" என்றான்.

"அடுத்த மாசம் எனக்குக் கொறஞ்சிருக்குமா கண்ணு?" என்று கேட்டாள் கண்ணாயி.

"உங்க விரலைத்தான் மொதல்ல குத்துவேன்." கண்ணாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நீங்களும் வரணுங்க ஐயா" என்றாள் நர்ஸ்.

"உன் மெஷின் நேத்து உண்டுன்னுச்சு, இன்னைக்கு இல்லேங்குது. ஒரு பேச்சுல நிக்காததை நான் எப்படி நம்பறது?"

பதிலுக்குக் காத்திராமல் ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு, காளியண்ணன் மேட்டுத் தோட்டத்தைப் பார்த்து நடந்தார்.